யார் வீட்டு அடுப்பு? - கிறிஸ்துமஸ் விருந்து குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

பண்டிகைகளைப் பற்றி நம் பக்கத்தில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு தடங்களில் போவது வழக்கம். ஒன்று, மதம் என்கிற கருத்தியலின் சடங்கு என்று சொல்லிக் கடந்துவிடுவது. இன்னொன்று, எல்லாம் சந்தை, எல்லாம் நுகர்வு என்று முடித்துவிடுவது. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டிலும் ஒரு இடம் விட்டுப் போகிறது. அதுதான் அடுப்படி. பண்டிகை அன்றைக்கு யார் சாப்பிட்டார்கள் என்பதற்கு வரலாற்றில் பதிவு இருக்கிறது. சமைச்சது யாரு, எந்த அடுப்பில, யார் கொண்டுவந்த சரக்கில என்று கேட்டால் பதில் சுலபத்தில் வருவதில்லை.

இங்கிலாந்தின் கிறிஸ்துமஸ் விருந்தை இந்தக் கேள்வியோடு அணுகிப் பார்க்கலாம். உலகம் முழுக்க 'வீட்டில் குடும்பத்தோடு கிறிஸ்துமஸ்' என்று இன்று காட்டப்படும் பிம்பத்தில் பெரும்பகுதி அங்கே, 19ஆம் நூற்றாண்டில் உருவாக்கப்பட்டதுதான். வறுத்த பறவை, கொதித்த புட்டிங், மேசையைச் சுற்றி அப்பா அம்மா பிள்ளைகள். ஏதோ ஆதிகாலத்திலிருந்து இப்படித்தான் என்பது போன்ற ஒரு தோற்றம். நற்செய்தி நூல்களில் மாட்டுத்தொழுவம் உண்டு, மேய்ப்பர்கள் உண்டு. சமையல் குறிப்பு ஏதும் கிடையாது. ஆக, 'வீட்டுச் சாப்பாடு' என்கிற இந்தப் புனிதத்தை வரலாற்றுக்குள் இழுத்துவந்து நிறுத்த வேண்டியிருக்கிறது.

வீதியிலிருந்து வீட்டுக்குள்

பழைய இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் என்பது 12 நாள் கூத்து. அது வீட்டுக்குள் அடங்கிய விஷயமல்ல. ஊர்க்காரர்கள் கூட்டமாகப் பாடிக்கொண்டு பண்ணையார் வீட்டு வாசலுக்கு வருவார்கள். அவர் சோறும் பீரும் தர வேண்டும். தராவிட்டால் வசவு விழும். அரண்மனையிலும் பெரிய வீடுகளிலும் அந்த நாட்களுக்கு மட்டும் ஒருவனைக் 'கோமாளித் தலைவன்' ஆக்கி அவன் ஆணைக்கு எல்லோரும் ஆடுவார்கள். மேல் கீழாகும், கீழ் மேலாகும். பக்தின் பேசிய தலைகீழாக்கம் இதுதான். இதற்காக ஒரேயடியாகப் பரவசப்பட வேண்டியதில்லை. 13ஆம் நாள் பண்ணையார் பண்ணையார்தான். ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாசலில் நின்று கேட்டவன் பிச்சை கேட்கவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை தனக்கு வரவேண்டியதைக் கேட்டான்.

இந்தக் கூத்தின் மேல் முதலில் கைவைத்தவர்கள் தூய்மைவாதிகள். 1647 ஜூனில் பாராளுமன்றம் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தை ஒழித்துச் சட்டம் போட்டது. அந்த டிசம்பர் 25 அன்று கேன்டர்பரி நகரில் வழக்கம்போல் கடை திறக்கவேண்டும் என்று மேயர் உத்தரவிட்டார். பெரும்பாலோர் திறக்கவில்லை. திறந்த சிலருடைய சரக்கு வீதியில் இறைந்தது. கூட்டம் கால்பந்து ஆடியது, கதவுகளில் பச்சை இலைகளைக் கட்டியது. அந்தக் கலகம் அடுத்த ஆண்டு கென்ட் மாவட்டத்தின் எழுச்சியில் போய்க் கலந்தது. மன்னர் பக்கச் சாய்வும் அதில் இருந்தது என்பது வேறு விஷயம். ஒரு நாள் உண்டு களிப்பது சாமானியர்களுக்குச் சில்லறைக் காரியமாக இருக்கவில்லை என்பதுதான் நமக்கு இங்கே முக்கியம்.

தடை போட்டு முடியாததை 19ஆம் நூற்றாண்டு வேறுவிதமாகச் செய்து முடித்தது. 17ஆம் நூற்றாண்டிலிருந்தே கொண்டாட்டம் பொதுவெளியிலிருந்து பிடுங்கப்பட்டுக் குடும்பத்தின் தனி வாழ்வுக்குள் கொண்டுபோகப்பட்டது என்று ரபெலே பற்றிய தன் நூலில் பக்தின் சொல்கிறார். கிறிஸ்துமஸ் இதற்கு நல்ல உதாரணம். 12 நாள் ஒரு நாளாகச் சுருங்கியது. ஆலை முதலாளிகளுக்கு 12 நாள் கூத்து கட்டுப்படியாகுமா? 1833 தொழிற்சாலைச் சட்டம் பிள்ளைகளுக்கும் இளவயதினருக்கும் முழு விடுமுறையாக விட்டவை இரண்டே நாட்கள்: கிறிஸ்துமஸ், பெரிய வெள்ளி. கூட்டம் கலைந்து குடும்பம் ஆனது. பண்ணையார் வாசல் மூடிக்கொண்டது.

1843: இரண்டு வாத்துக் கதைகள்

வீட்டு விருந்து என்கிற இந்தப் பிம்பத்தை வார்த்துக் கொடுத்ததில் டிக்கன்ஸின் 'கிறிஸ்துமஸ் கேரல்' நூலுக்குப் பெரிய பங்கு உண்டு. 1843 டிசம்பர் 19 அன்று வெளிவந்தது. அதில் வாரம் 15 ஷில்லிங் சம்பளம் வாங்கும் குமாஸ்தா கிராட்சிட் வீட்டு விருந்து எல்லோருக்கும் தெரிந்த காட்சி. ஆனால் அந்தக் காட்சியைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தால் ஒன்று தெரியும். அந்த வீட்டு விருந்தின் மையமான வறுத்த வாத்து அந்த வீட்டில் வேகவில்லை. பிள்ளைகள் ரொட்டிக்கடைக்குப் போய் எடுத்துவருகிறார்கள். ஏழை வீட்டில் இருந்தது ஒரு சின்னக் கணப்பு மட்டும். முழுப் பறவையை வறுக்க அதில் வழியில்லை, அவ்வளவு கரிக்குக் காசும் இல்லை. ஞாயிறும் கிறிஸ்துமஸும் ரொட்டி சுடுவதற்குத் தடை இருந்ததால் கடை அடுப்பு சும்மா இருக்கும். ஊரே தன் தன் சட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போகும். சில காசு கொடுத்தால் வெந்து வரும். சரி, புட்டிங்? துணி வெளுக்கிற செம்புக் கொப்பரையில் கொதிக்கிறது. அதனால்தான் அது இறக்கும்போது வெளுப்பு நாள் வாடை அடிக்கிறதாம். மூத்த மகள் மார்த்தா தொப்பிக் கடையில் வேலை செய்கிறவள். முந்தைய இரவு வேலை முடியாமல் தாமதமாக வருகிறாள். ஆக, 'வீடு' என்று நம்ப வைக்கப்படுகிற இடத்துக்குள் வெளியிலிருந்து எவ்வளவு வந்து சேர்கிறது என்பதை அந்தப் பிரதியே சொல்லிவிடுகிறது.

அந்தப் பொது அடுப்புக்கும் ஆபத்து வந்தது. 1830களில் சர் ஆண்ட்ரூ ஆக்னியூ என்பவர் ஓய்வுநாள் ஆசாரத்தின் பேரில் ஞாயிறு வேலைகளையெல்லாம் தடுக்கும் மசோதாவைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார். பணக்காரன் வீட்டில் சமையல்காரர் ஞாயிற்றுக்கிழமையும் சமைப்பார். ஏழையின் ரொட்டிக்கடை அடுப்பு மட்டும் அணைய வேண்டும். இதை எதிர்த்து 1836இலேயே டிக்கன்ஸ் ஒரு சிறு நூல் எழுதினார். 'கேரல்' கதையில் ஸ்குரூஜும் ஆவியும் இதைப் பற்றி வாதம் செய்கிற இடம் ஒன்று உண்டு. இன்றைய சினிமாக்காரர்கள் பலரும் வெட்டிவிடுகிற இடம் அது.

அதே காலத்தில் இன்னொரு வாத்துக் கதையும் இருக்கிறது. அதைச் சொன்னவர் எங்கெல்ஸ். 1845இல் வெளியான, இங்கிலாந்துத் தொழிலாளர் நிலைமை பற்றிய நூலில் மான்செஸ்டர் இறைச்சிச் சந்தையைப் பற்றி எழுதுகிறார். சனிக்கிழமை ராத்திரி கூலி வாங்கிக்கொண்டு தொழிலாளி சந்தைக்கு வரும்போது நல்லதெல்லாம் போய்விட்டிருக்கும். கெட்டது மிஞ்சியிருக்கும். லிவர்பூலில் விலைபோகாத, மசாலா அடைத்த 64 கிறிஸ்துமஸ் வாத்துகள் அழுகிய நிலையில் மான்செஸ்டர் சந்தைக்கு வந்து பறிமுதல் ஆன சம்பவத்தை அவர் பதிவு செய்கிறார். டிக்கன்ஸின் வாத்து பாடப்புத்தகத்துக்குப் போனது. எங்கெல்ஸின் வாத்துகள் அடிக்கடி பேசப்படுவதில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதுதான் வரலாற்று வாசிப்பு.

இதனால் தொழிலாளர்கள் பாவப்பட்ட ஜனங்களாக அழுதுகொண்டிருந்தார்கள் என்று ஆகிவிடாது. சாராயக் கடைகளில் 'வாத்துச் சங்கம்' நடந்தது. நம்ம ஊர் தீபாவளிச் சீட்டு மாதிரி. வாரா வாரம் சில பென்ஸ் கட்டி வந்தால் டிசம்பரில் ஒரு வாத்து கையில் கிடைக்கும். இது தானமல்ல, சொந்தக் காசு. 'கேரல்' எப்படி முடிகிறது பாருங்கள். திருந்திய முதலாளி பெரிய வான்கோழி ஒன்றை வாங்கி அனுப்புகிறார். சம்பள உயர்வும் சொல்கிறார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வாசலில் நின்று கேட்கிற உரிமை, சங்கம் வைத்துச் சேர்க்கிற ஏற்பாடு இரண்டையும் ஓரங்கட்டிவிட்டு ஒரு நல்ல மனசு கதையின் நடுவில் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

தட்டில் விழுந்த இரக்கம்

1834இல் வந்த புதிய வறியோர் சட்டம் உதவி தேவைப்பட்ட ஏழைகளை 'வொர்க்ஹவுஸ்' என்கிற விடுதிக்குள் தள்ளியது. உள்ளே போனால் புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். ஒருபுறம் குடும்பமே கிறிஸ்துமஸின் புனிதம் என்று பிரசங்கம். இன்னொருபுறம் ஏழையின் குடும்பத்தைச் சட்டம் போட்டுப் பிரித்தார்கள். ஆரம்பத்தில் கிறிஸ்துமஸ் அன்றும் வரிப் பணத்தில் விசேஷச் சாப்பாடு கூடாது என்பதுதான் விதி. 1840இல் தனியார் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும், 1847இல் வரிப் பணத்திலிருந்தே போடலாம் என்றும் தளர்த்தினார்கள். அப்புறம் அது ஒரு காட்சியானது. ஊர்ப் பெரியவர்கள் மனைவிமாரோடு வந்து நின்று ஏழைகள் மாட்டிறைச்சியும் புட்டிங்கும் தின்பதைப் பார்த்து ரசித்தார்கள்.

இந்தக் காட்சியை உடைத்தவர் ஜார்ஜ் சிம்ஸ் என்கிற பத்திரிகையாளர். 1877இல் வெளியான அவருடைய நெடும்பாடல் ஒன்றில் விடுதியிலிருக்கும் கிழவன் ஒருவன் புட்டிங்கைத் தள்ளிவிட்டு எழுந்து நிற்கிறான். போன கிறிஸ்துமஸுக்கு இதே வாசலில் தன் மனைவிக்காக ரொட்டி கேட்டேன். உள்ளே வந்து சேர், இல்லையேல் இல்லை என்றீர்கள். பிரிந்து போக மாட்டேன் என்று அவள் பட்டினியிலேயே செத்தாள் என்கிறான். கண்ணீர்ப் பாட்டுதான். ஆனால் சாப்பிடுகிறவன் வாய் திறந்து பேசினால் விருந்து கொடுத்தவர்களின் முகம் எப்படி ஆகும் என்பதை அது காட்டியது.

எல்லா வேலைக்கும் ஒருத்தி

நடுத்தர வர்க்கத்து வீட்டிலோ இரும்பு அடுப்பு வந்துவிட்டது. எலிசா ஆக்டனின் 1845ஆம் ஆண்டுச் சமையல் நூலில் 'கிறிஸ்துமஸ் புட்டிங்' என்கிற பெயர் அச்சேறியது. 1861இல் இசபெல்லா பீட்டனின் பெரிய இல்லற நூல் வந்தது. அப்போது அவருக்கு வயது 25. வான்கோழி இல்லாத கிறிஸ்துமஸ் விருந்து ஒரு விருந்தா என்கிற மாதிரி அவர் எழுதியது நடுத்தர வர்க்கத்துக்கு விதியாகிப் போனது. அவர் 28 வயதில், பிரசவத்துக்குப் பின், செத்துப் போனார் என்பது பலருக்குத் தெரியாது. நரைத்த பாட்டியம்மா என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நூல் 'சமைக்கும்' பெண்ணுக்காக எழுதப்பட்டதல்ல. பெருமளவுக்குச் சமைக்க 'வைக்கும்' பெண்ணுக்காக எழுதப்பட்டது. வீட்டு எஜமானியைப் படைத் தளபதியோடு ஒப்பிட்டுத்தான் அது ஆரம்பிக்கிறது. அப்படியானால் சிப்பாய்கள் யார்? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீட்டு வேலை செய்த பெண்களின் எண்ணிக்கை அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் 10 லட்சத்தைத் தாண்டியிருந்தது. பலர் சிறுமிகள். ஒரே ஒரு வேலைக்காரி மட்டும் இருக்கிற வீட்டில் அடுப்பு மூட்டுவதிலிருந்து அறை பெருக்குவது வரை எல்லாம் அவள் தலையில். அவள் வாழ்க்கை தனிமையானது, இரக்கத்துக்குரியது என்று பீட்டனே ஒத்துக்கொள்கிறார். ஊரெல்லாம் குடும்பத்தோடு இருக்கிற நாளில் தன் குடும்பத்தோடு இருக்க முடியாதவள் இவள்தான். 1871 சட்டத்தால் டிசம்பர் 26 வங்கி விடுமுறை ஆனது. வேலைக்காரர்களுக்கு மறுநாள் காசு கொடுக்கிற வழக்கம் அதற்கும் முந்தியது. கிறிஸ்துமஸ் முதலாளிக்கு, மறுநாள் வேலைக்காரிக்கு. காலண்டரிலேயே வர்க்கம் இருக்கிறது!

புட்டிங்கின் பூகோளம்

சரி, சட்டிக்குள் இருப்பது என்ன? வான்கோழி மெக்சிகோவிலிருந்து ஸ்பானியர் கொண்டுவந்த பறவை. ஆங்கிலேயன் அதற்குத் துருக்கி என்று பெயர் வைத்தான். துருக்கிக்காரன் 'ஹிந்தி' என்கிறான். பிரெஞ்சுக்காரன் பெயரிலும் இந்தியாதான் ஒளிந்திருக்கிறது. கொள்ளை எங்கே நடந்ததோ அந்த இடத்தின் பெயர் மட்டும் எதிலும் இல்லை.

சர்க்கரையைப் பற்றி சிட்னி மின்ட்ஸ் 1985இல் எழுதிய நூல் முக்கியமானது. 1700 வாக்கில் ஆளுக்கு வருஷத்துக்கு 4 பவுண்டு எடை என்று இருந்த பிரிட்டனின் சர்க்கரை நுகர்வு 1800இல் 18 பவுண்டு, 1900 வாக்கில் 90 பவுண்டு என்று ஏறியதை அவர் காட்டுகிறார். இடையில் அடிமைமுறை ஒழிந்தது. 1834க்குப் பிறகு 2 கோடி பவுண்டு நஷ்டஈடு அடிமைகளுக்கா கிடைத்தது? இல்லை, முதலாளிகளுக்கு. தோட்டங்களில் ஏற்பட்ட ஆள் பஞ்சத்தைத் தீர்க்க ஒப்பந்தக் கூலிகள் போனார்கள். மொரிஷியசுக்கும் டெமராராவுக்கும் கப்பலேறியவர்களில் சென்னை மாகாணத்துத் தமிழர்களும் உண்டு. சிலோனில் காட்டை அழித்துக் காப்பியும் தேயிலையும் போட்டவர்கள் நம் ஜனங்கள். விருந்து முடிந்து தேநீர் வரும்போது நாமும் அந்த மேசைக்கு வந்துவிடுகிறோம், கோப்பைக்குள்.

இதை மறைக்கக்கூட இல்லை, பெருமையாகவே விளம்பரப்படுத்தினார்கள். 1926இல் அமைக்கப்பட்ட பேரரசுச் சந்தை வாரியம் 1927இல் அரண்மனைச் சமையற்காரரின் குறிப்பு என்று 'பேரரசு கிறிஸ்துமஸ் புட்டிங்'கைப் பரப்பியது. ஆஸ்திரேலியாவின் உலர் திராட்சை, தென்னாப்பிரிக்காவின் கிஸ்மிஸ், சிலோன் பட்டை, சான்சிபார் கிராம்பு, இந்திய மசாலா, ஜமைக்கா ரம், சைப்ரஸ் பிராந்தி. எல்லாவற்றையும் இங்கிலாந்துப் பீரில் குழைத்து வேகவைத்தால் பேரரசு தயார். எல்லாக் காலனியும் ஒரே உருண்டையாகிவிடும், கத்தி மட்டும் லண்டனில் இருக்கும். 1932 கிறிஸ்துமஸ் அன்று மாலை 3 மணிக்கு ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வானொலியில் பேசினார். பேச்சை எழுதிக் கொடுத்தவர் கிப்ளிங். அன்று முதல் வீட்டுச் சாப்பாட்டின் கடிகாரத்தையும் அரசு முடுக்க ஆரம்பித்தது.

1940 ஜனவரியில் ஆரம்பித்த உணவு ரேஷன் 1954 ஜூலை வரை நீடித்தது. பருப்பையும் உருளைக்கிழங்கையும் வைத்துப் 'பொய் வாத்து' செய்தார்கள். ரேஷன் பிரிட்டனுக்குள் ஏழைக்கும் ஓரளவு நியாயமாகப் பங்கிட்டது. அது உண்மையான சாதனை. ஆனால் அந்த நியாயம் புட்டிங் குறிப்பில் இருந்த இந்தியாவுக்கு நீளவில்லை. 1943 வங்கப் பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் பேர் செத்தார்கள்.

'ராமசாமி'யின் குசினி

சென்னையிலிருந்த துரைகளுக்கும் கிறிஸ்துமஸ் 'வீட்டில்'தான். ஆனால் குசினி பங்களாவுக்குள் இல்லை, காம்பவுண்டின் ஒரு மூலையில். 'வைவர்ன்' என்ற புனைபெயரில் கென்னி-ஹெர்பர்ட் என்னும் ராணுவ அதிகாரி 1878இல் சென்னைக்கென்றே ஒரு சமையல் நூல் எழுதினார். அந்தக் குசினிகளின் கேவலமான நிலையை அவரே விவரிக்கிறார். அவருடைய நூலில் சமையற்காரருக்கு ஒரே பெயர்: 'ராமசாமி'. அது யாரோ ஒருவருடைய பெயர் அல்ல. எல்லாச் சமையற்காரருக்கும் அதுவே பெயர். பெயர் வைப்பது என்பது பெயரை அழிப்பதுமாகும்.

இந்த ராமசாமிகள் யார்? 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆபே துபுவா இதற்குப் பதில் எழுதிவிட்டார். ஐரோப்பியர் பறையர்களையே வேலைக்கு வைக்க நேர்கிறது. பூட்ஸ் துடைக்கவும் மாட்டிறைச்சி சமைக்கவும் மற்ற சாதியார் வரமாட்டார்கள் என்கிறார். இங்கிலாந்தில் மாட்டிறைச்சி வறுவல் தேசியப் பெருமிதம். இங்கே அதைத் தொட்டவர் தீண்டத்தகாதவர். அந்தக் கை இல்லாமல் துரை வீட்டுக் கிறிஸ்துமஸ் இல்லை. சாதி ஒதுக்கிய கையைக் காலனியம் குறைந்த கூலிக்கு எடுத்துக்கொண்டது. துரைக்கு ஏவல், ஊருக்குத் தீட்டு.

ஆனால் அந்தக் குசினிக்கு இன்னொரு வரலாறும் உண்டு. அயோத்திதாசர் தன் பாட்டனார் கந்தப்பனைப் பற்றி எழுதுகிறார். ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்த அவர்தான் வீட்டிலிருந்த திருக்குறள் ஓலைச்சுவடிகளைத் துரை வழியாக எல்லிஸிடம் சேர்த்தார் என்கிறார். துரை மேசைக்குத் தட்டு கொண்டுபோன கை சுவடியையும் கொண்டுபோயிருக்கிறது. தமிழ் அச்சு வரலாறு பேசுகிறவர்கள் எல்லிஸ் பெயரைச் சொல்வார்கள். பட்லர் பெயரைச் சொல்ல அவருடைய பேரன் வரவேண்டியிருந்தது.

சம்பளமில்லாத அடுப்பு

இரண்டு உலகப்போர்களுக்குப் பிறகு இங்கிலாந்தில் வேலைக்காரிகள் குறைந்தார்கள். கேஸ் அடுப்பும் மின்சார அடுப்பும் வந்தன. மலிவான வான்கோழி ஏழை வீட்டுக்கும் வந்தது. இது வெற்றிதான், மறுக்க வேண்டாம். ரொட்டிக்கடைக்குச் சட்டி தூக்க வேண்டியதில்லை. ஆனால் பொது அடுப்பும் வேலைக்காரியும் செய்த வேலை மாயமாகிவிடவில்லை. அவ்வளவும் ஒருத்தி மேல் விழுந்தது. அவளுக்குப் பெயர் மனைவி, அம்மா. லண்டனில் 40 இல்லத்தரசிகளிடம் பேசி ஆன் ஓக்லி 1974இல் வெளியிட்ட ஆய்வில் வீட்டு வேலை நேரம் வாரத்துக்குச் சராசரியாக 77 மணி. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1972இல், செல்மா ஜேம்ஸும் தோழியரும் வீட்டு வேலைக்குக் கூலி கேட்டு இயக்கம் தொடங்கியிருந்தார்கள். 'அன்பால் செய்வது, அதற்கு எப்படிக் கணக்கு?' என்றார்கள். கணக்குப் போடாமல் இருப்பதற்காகத்தானே அன்பு என்று அதற்குப் பெயர் வைத்தது! வேலைக்காரிக்காவது 26ஆம் தேதி இருந்தது. அம்மாவுக்கு அன்றைக்கு மிச்சக் கறியைச் சூடு பண்ணுகிற வேலை.

ஆகவே கிறிஸ்துமஸ் விருந்தை விட்டுவிடுங்கள், கொண்டாடாதீர்கள் என்றா சொல்ல வருகிறோம்? இல்லை. கேன்டர்பரியில் கல்லெறிந்தவர்களும் சாராயக் கடையில் வாத்துக்குச் சீட்டுக் கட்டியவர்களும் ருசிக்கும் களிப்புக்கும் தங்களுக்குப் பங்கு உண்டு என்று சொன்னவர்கள். அந்தப் பக்கம் நிற்காத அரசியல் வெறும் தூய்மைவாதம். நாம் கேட்பது, களிப்பவரும் உழைப்பவரும் ஏன் வேறு வேறு ஆட்களாகவே இருக்க வேண்டும் என்பதைத்தான். இந்தக் கேள்வி லண்டனோடு நிற்காது. பொங்கலுக்கு, தீபாவளிக்கு, பெருநாளுக்கு, பாளையங்கோட்டைக் கிறிஸ்துமஸுக்கு எல்லாம் வரும். நம் பண்டிகைகளின் வரலாற்றை எழுத உட்காருகிற தோழர்கள் கோயிலிலிருந்தோ கடைவீதியிலிருந்தோ ஆரம்பிக்க வேண்டாம். விடிகாலை முதலில் எழுந்து அடுப்பு மூட்டியவர் யார், கடைசியில் உட்கார்ந்து சாப்பிட்டவர் யார் என்பதிலிருந்து ஆரம்பிக்கட்டும். பல வீடுகளில் அந்த இருவரும் ஒருவரே.